முந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் ஒரு பந்தி

வைரக்கண்ணு அதுவரை முப்பத்தொரு நாடுகளுக்குப் போய்வந்திருந்தார். முப்பத்தொன்றிலும் அவர் பார்த்தது பாத்திரம் தேய்க்கிற தொட்டியைத்தான்.

திருச்சி பிரேமலதா நடத்தும் சுற்றுலா கம்பெனியில் அவர் சமையல் மாஸ்டர். 'எந்த நாட்டுக்குப் போனாலும் வேளாவேளைக்கு நம்ம ஊர்ச் சாப்பாடு' என்பது கம்பெனியின் விளம்பரம். அந்த விளம்பரம் வைரக்கண்ணுவின் முதுகில் ஏறித்தான் உலகம் சுற்றியது. பாரிஸில் எல்லோரும் கோபுரம் பார்க்கப் போனபோது அவர் வத்தக்குழம்புக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். சுவிட்சர்லாந்தில் பனியைப் பார்த்தார், ஃப்ரீசருக்குள். எகிப்தில் பிரமிடைப் பார்த்தே தீருவது என்று கிளம்பி ஓட்டல் வாசல்வரை போனவர், "மாஸ்டர், ரசத்துக்குப் புளி பத்தலையாம்" என்ற போன் வந்து திரும்பிவிட்டார்.

"அடுத்த தடவை உங்களுக்கும் ஒரு சீட் போட்டுடறேன் மாஸ்டர்" என்று ஒவ்வொரு தடவையும் பிரேமலதா சொல்வாள். ஆறு வருஷமாகச் சொல்கிறாள். பொய் சொல்கிற பெண் இல்லை. கடைசி நேரத்தில் யாராவது ஒரு மாமா, மச்சினரையும் கூட்டிக்கொண்டு வந்து நிற்பார். அந்த சீட் போய்விடும்.

இது முப்பத்திரண்டாவது பயணம். வைரக்கண்ணுவுக்கு இதுவே கடைசி. முழங்கால் கெஞ்சுகிறது, மன்னார்குடியில் மெஸ் வைக்க இடமும் பார்த்தாகிவிட்டது. கிளம்பும்போது மனைவியிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார். "இந்தத் தடவை பாக்காம வரமாட்டேன்."

பார்க்க வேண்டியது கயிறு.

2079-ஆம் வருஷத்தில் பூமத்திய ரேகைக்குப் போகிறவர்கள் எல்லோரும் போவது போர்னியோவுக்கு மேற்கே இருக்கும் அந்தச் சின்னத் தீவுக்குத்தான். தரையில் மஞ்சள் பெயின்ட்டில் ரேகை போட்டிருப்பார்கள். வடக்கில் ஒரு கால், தெற்கில் ஒரு கால் வைத்து போட்டோ எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கோட்டின் நடுவிலிருந்து ஒரு கயிறு கிளம்பி, மேகத்துக்குள் நுழைந்து, வானத்துக்கு அப்பால் போய்க்கொண்டே இருக்கும். அதில் ஏறும் பெட்டியில் உட்கார்ந்தால் இரண்டரை மணி நேரத்தில் முந்நூறு கிலோமீட்டர். அங்கே ஒரு நிலையம். அதன் ஜன்னலில் பூமி.

முதல் நாள் மாலை ஓட்டல் கூடத்தில் வழிகாட்டி தேவகி எல்லோரையும் உட்கார வைத்து விளக்கினாள். மேடான் நகரத்துத் தமிழ்ப் பெண். நாலு தலைமுறையாக சுமத்ராவில் இருந்தும் தமிழ் கெடவில்லை. வைரக்கண்ணு சமையல்கட்டு வாசலில் கரண்டியோடு நின்று கேட்டார்.

"ஏம்மா, இந்தக் கயிறு இங்க மட்டுந்தான் நிக்குமா? மன்னார்குடியில நட்டா நிக்காதா?"

"சாஞ்சுக்கிட்டு இழுக்கும் மாஸ்டர். கயித்துல கல்லைக் கட்டி வேகமாச் சுத்துனா கயிறு விறைப்பா நிக்குதில்ல? அதேதான். மேல் நுனியில பெரிய பாரம் இருக்கு, பூமி சுத்துது. சரியா இடுப்புல கட்டினாத்தான் நேரா நிக்கும்."

"பூமிக்கு இடுப்பு இங்கயா இருக்கு?"

"அதான் அரைஞாண் மாதிரி மஞ்சக் கோடு போட்டிருக்காங்களே, பாக்கலியா?"

"எங்கம்மா பாக்கறது. காலையிலேர்ந்து வாழைப்பூ ஆய்ஞ்சுக்கிட்டிருக்கேன்."

கூடம் சிரித்தது. தேவகி தொடர்ந்தாள். ஏறும் வண்டியில் இரண்டு பெட்டிகள். கயிற்றுக்குக் கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று, காவடியின் இரண்டு பக்கம் மாதிரி. இரண்டிலும் எடை சமமாக இருக்க வேண்டும். கால் கிலோவுக்கு மேல் வித்தியாசம் வந்தால் வண்டி கிளம்பாது. கிழக்குப் பெட்டியில் சுற்றுலாக்காரர்கள். மேற்கில் எடைக்காரர்கள்.

"எடைக்காரங்கன்னா?"

"இந்தத் தீவு ஜனங்க. உங்க எடைக்குச் சமமா அந்தப் பக்கம் உக்காந்து வருவாங்க. சம்பளத்துக்கு. அந்தப் பெட்டிக்கு ஜன்னல் கிடையாது."

மயிலாடுதுறை அட்சயலிங்கம் கையைத் தூக்கினார். சர்க்கரை ஆலையில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எதிலும் ஒரு யோசனை சொல்லாமல் விடமாட்டார்.

"மனுஷாளை ஏம்மா கஷ்டப்படுத்தணும்? மணல் மூட்டை வெச்சா ஆகாதோ?"

"மூட்டையை ஏத்தி இறக்க ஆள் வேணும் சார். ஆளே மூட்டையா இருந்தா தானா ஏறும், தானா இறங்கும்."

பிறகு எடை பார்த்தார்கள். அங்கேதான் குட்டு உடைந்தது.

பயணத்துக்குப் பதிவு செய்யும்போதே படிவத்தில் எல்லோரும் தங்கள் எடையை எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதை வைத்துத்தான் கயிற்றுக் கம்பெனி எடைக்காரர்களை ஏற்பாடு செய்திருந்தது. ஆனால் எழுதியவர்கள் தமிழ்நாட்டுக்காரர்கள். ஒருவர்கூட இன்றைய எடையை எழுதவில்லை. சிலர் கல்யாணத்தன்று இருந்த எடையை எழுதியிருந்தார்கள், சிலர் அடுத்த பொங்கலுக்குள் குறைத்துவிடப்போகிற எடையை. எழுபத்தொன்று என்று எழுதியிருந்த அட்சயலிங்கம் தராசில் எண்பத்துநாலு காட்டினார்.

"தராசு தப்பு" என்றார்.

"பேன்ட் பாக்கெட்ல என்ன வெச்சிருக்கேள்?" என்று கேட்டாள் அவர் மனைவி.

"சீப்பு."

"பதிமூணு கிலோ சீப்பா?"

பிரேமலதா ஐம்பத்தொன்பது என்று எழுதியிருந்தாள். அறுபத்தாறு. யாரும் பார்ப்பதற்குள் இறங்கிவிட்டாள். அவளையும் சேர்த்து முப்பத்தெட்டுப் பேருக்கும் கூட்டிப் பார்த்ததில் நானூற்றுப் பத்துக் கிலோ அதிகம் வந்தது. தேவகி தலையில் கை வைத்துக்கொண்டு நாலா பக்கமும் போன் போட்டாள். தீவில் சும்மா இருந்த நாலு பேர் கிடைத்தார்கள். அப்படியும் நூற்றுமுப்பது கிலோ துண்டு விழுந்தது.

அவள் பார்வை சமையல்கட்டு வாசலுக்கு வந்தது.

"மாஸ்டர், உங்க எடை என்ன?"

"ஐம்பத்தெட்டு. நெஜமான ஐம்பத்தெட்டு."

"பாத்திரம், அண்டா, சாப்பாடு எல்லாம் சேர்ந்து?"

"எழுவது, எழுவத்திரண்டு வரும்."

"சரியாப் போச்சு. நாளைக்கு நீங்க மேற்குப் பெட்டி. ராத்திரிக்கு வெச்சிருக்கிற பாயசத்தையும் அண்டாவோட ஏத்திடுங்க, எனக்கு ஒவ்வொரு கிலோவும் வேணும்."

வைரக்கண்ணுவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. முந்நூறு கிலோமீட்டர் போகப்போகிறார், ஜன்னல் இல்லாமல். பாரிஸாவது பரவாயில்லை, அங்கே கோபுரம் இருந்த திசையாவது தெரிந்தது.

"மேல போனப்புறம் அந்தப் பக்கம் வந்து ஒரு நிமிஷம் எட்டிப் பாக்கலாமாம்மா?"

"முடியாது மாஸ்டர். கேமரா இருக்கு. எடைக்காரங்க கிழக்கே வரக்கூடாது. எடை சரிபண்றதுக்காக ஆள் மாத்தினா மட்டும்தான்."

வைரக்கண்ணு சமையல்கட்டுக்குள் போய் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தார். பிறகு விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். சாப்பாடு மேற்குப் பெட்டியில் ஏறும். மேலே போனதும் கிழக்கே இருக்கிறவர்கள் வயிற்றுக்குள் போகும். அப்படியானால் மேற்கில் எடை குறையும், கிழக்கில் ஏறும். காவடி சாயும்.

ஒரு ஆள் சாப்பாடு வழக்கமாக ஐநூறு கிராம். அவர் எழுந்து இன்னொரு அண்டாவில் உலை வைத்தார்.

மறுநாள் காலை மேற்குப் பெட்டியில் முப்பத்தேழு எடைக்காரர்கள் பெஞ்சுகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சிலர் சீட்டாடினார்கள், சிலர் தூங்கினார்கள். வைரக்கண்ணுவுக்குப் பக்கத்தில் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி. சுலாஸ்த்ரி என்று மார்பு அட்டையில் எழுதியிருந்தது, அதற்குக் கீழே எடை, ஐம்பத்தெட்டு. அவர் பொட்டலம் கட்டத் தொடங்கியதும் கேட்காமலே உதவிக்கு வந்தாள். பாஷை தெரியாது. ஆனால் வாழை இலையை அவள் நரம்பு முறியாமல் மடித்த விதத்தைப் பார்த்ததும், இவளும் அடுப்படி ஆள்தான் என்று வைரக்கண்ணுவுக்குத் தெரிந்துவிட்டது.

இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் போய்வந்துகொண்டிருந்த தேவகியிடம் கேட்டார். "இந்தம்மா எத்தனை வருஷமா இதுல வராங்க?"

தேவகி கேட்டுச் சொன்னாள். "பதினோரு வருஷமாம். தினம் ஒரு நடை."

"மேலேர்ந்து எப்படி இருக்கும்னு கேளு."

தேவகி கேட்டாள். சுலாஸ்த்ரி சிரித்துக்கொண்டே என்னவோ சொன்னாள்.

"உங்ககிட்ட கேக்கணும்னு இருந்தாங்களாம். நீங்க வெளிநாட்டுக்காரர், நாலு இடம் பார்த்தவர். உருண்டையா இருக்குன்னு சொல்றாங்களே, நெஜமா?"

வைரக்கண்ணு குனிந்து பொட்டலத்தை இறுக்கிக் கட்டினார்.

நிலையத்தில் கிழக்குக் கூடத்துக்கும் மேற்கு அறைக்கும் நடுவே சுவரில் ஒரு முழ அகலத்துக்கு ஒரு திறப்பு இருந்தது. அதன் வழியாகத்தான் பந்தி. வைரக்கண்ணு பொட்டலத்தை நீட்டும்போதெல்லாம் எட்டிப் பார்த்தார். திறப்புக்கு நேரே அட்சயலிங்கம் உட்கார்ந்திருந்தார். பூமி அவருடைய வயிற்றுக்குப் பின்னால் இருந்தது.

கூடத்தில் ஒரே அமளி.

"என்னம்மா தேவகி, மிதப்போம்னு வந்தா, நடந்துண்டுதானே இருக்கோம்?"

"மிதக்கணும்னா இன்னும் பன்னெண்டு நாள் ஏறணும் சார். இங்க நூத்துக்கு ஒன்பது பங்கு எடைதான் குறையும்."

"குறையுமா?" என்று நாலைந்து பெண்கள் ஒன்றாகக் கேட்டார்கள். மூலையில் இருந்த தராசைச் சுற்றி உடனே கூட்டம். பிரேமலதா ஏறினாள். அறுபது. "நான் ஃபார்ம்ல எழுதினது ஒண்ணும் பொய்யில்லை, கொஞ்சம் உயரத்துல எழுதிட்டேன்" என்றாள்.

எடை குறைந்த சந்தோஷத்தில் பசி கூடிவிட்டது. புளியோதரை, உருளைக்கிழங்கு பொரியல், தயிர் சாதம், மாவடு. "இங்க ஒண்ணு குடுங்க மாஸ்டர்" என்று கைகள் நீண்டன. வைரக்கண்ணு எடைக்காரர்களுக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார். மேற்கிலிருந்து மேற்குக்குள்ளேயே போவதால் அது கணக்கில் வராது.

சாப்பிட்டு முடித்ததும் தேவகியின் கைக் கருவி கூவியது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு திறப்பு வழியே வைரக்கண்ணுவைப் பார்த்தாள். அவர் அண்டாவை மும்முரமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எடை சரியில்லை. கிழக்கே இருபத்தாறு கிலோ கூடியிருக்கு, மேற்கே இருபத்தாறு குறைஞ்சிருக்கு. தரைக் கணக்குல எண்பத்துநாலு கிலோ ஆள் ஒருத்தர் மேற்கே போகணும். அங்கேர்ந்து ஐம்பத்தெட்டு கிலோ ஆள் இங்க வரணும்."

எல்லோரும் அட்சயலிங்கத்தைப் பார்த்தார்கள்.

"நானா? பணம் கட்டி ஜன்னல் சீட் வாங்கியிருக்கேன்!"

"மேற்குப் பெட்டி இருட்டா, குளுகுளுன்னு இருக்கும் சார். நீள பெஞ்சு."

பொட்டலத்தை வழித்துச் சாப்பிட்டிருந்த அட்சயலிங்கம் கொஞ்சம் யோசித்தார். "படுக்கலாமோ?"

"தாராளமா. படுத்தாலும் எடை எடைதான்."

"அப்ப சரி."

தேவகி தன் பட்டியலைப் பார்த்தாள். "மேற்கே ஐம்பத்தெட்டு யாரு? மாஸ்டர் நீங்க ஒண்ணு. அப்புறம்... சுலாஸ்த்ரி." நிறுத்தினாள். "யாராவது ஒருத்தர்தான்."

வைரக்கண்ணு கையைத் துடைத்துக்கொண்டார். ராத்திரி முழுக்கத் தூங்காமல் கணக்குப் போட்டு, ஒரு அண்டா அரிசி கூடப் போட்டு, வேர்த்து விறுவிறுத்து வாங்கிய சீட். கால் கிளம்பிவிட்டது. சுலாஸ்த்ரி அவரைப் பார்த்துச் சிரித்து, போங்க போங்க என்று கையை ஆட்டினாள். பிறகு கையால் ஒரு உருண்டை பிடித்துக் காட்டி, புருவத்தை உயர்த்தினாள். வந்து சொல்லுங்கள் என்று அர்த்தம்.

அவர் இரண்டடி போனார். நின்றார். திரும்பி வந்து பாயச அண்டாவின் மூடியைத் திறந்தார்.

"தேவகியம்மா, இன்னும் ஒரு ஐம்பத்தெட்டு வரணும்னா எத்தனை கிலோ அந்தப் பக்கம் போகணும்?"

தேவகிக்குப் புரிய ஒரு விநாடிகூட ஆகவில்லை. கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். பார்வை பிரேமலதாமேல் நின்றது. "அறுபத்தாறு கிலோ ஆள் ஒருத்தர் இருக்காங்க. எட்டு கிலோ பாயசம் இந்தப் பக்கம் வந்தா அவங்களையும் மாத்திடலாம். ஆனா வண்டி கிளம்ப இருபது நிமிஷம்தான் இருக்கு."

எட்டு கிலோ என்றால் ஆளுக்கு ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் மேலே. பரிமாறவே பிறந்தவர் வைரக்கண்ணு. ஆனால் வயிறு முட்டத் தின்றுவிட்டுச் சரிந்து கிடக்கும் முப்பத்தெட்டுப் பேருக்கு, ஒரு முழத் திறப்புக்குள் தலையை விட்டுக்கொண்டு, அவர் அதுவரை பரிமாறியதில்லை.

"பாயசம் வருது, பாயசம்! நம்ம அட்சயலிங்கம் சாரோட நாப்பதாவது கல்யாண நாள்! ராத்திரி வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்?"

"அய்யோ, ஒரு பருக்கைக்குக்கூட இடமில்லை மாஸ்டர்."

"பருக்கையா? பாயசம் தண்ணிங்க, இருக்கிற சந்துல இறங்கிக்கும்!"

"சுகர் இருக்கே எனக்கு."

"உங்களுக்கு மோர்! டம்ளர் நெறைய மோர்! எங்க, குடிங்க பாப்போம்!"

"இப்பத்தான் ஆறு கிலோ குறைஞ்சேன், மறுபடி ஏத்தறீங்களே" என்றாள் ஒரு அம்மாள்.

"இந்த உயரத்துல சாப்பிட்டா ஒட்டாதும்மா. கீழ போகப் போகக் கரைஞ்சிடும்." இது அறிவியல் இல்லை என்று தேவகிக்குத் தெரியும். அவள் வாயைத் திறக்கவில்லை. டம்ளர்களை ஓடி ஓடி எடுத்துக் கொடுத்தாள். அட்சயலிங்கத்தின் மனைவி கணவனுக்கு ஊட்டிவிட, கூட்டம் கைதட்டியது. அந்த உற்சாகத்தில் ஒன்பது டம்ளர் போயிற்று. ஐந்து கிலோ. ஆறு. ஏழு. ஏழே முக்காலில் எல்லாம் நின்றுவிட்டது. ஒருவரும் கையை நீட்டவில்லை. ஒருவர் கும்பிட்டார்.

அண்டாவில் ஒரு டம்ளர் மிச்சம். கிளம்ப மூன்று நிமிஷம்.

கூடத்தில் பாயசமே குடிக்காத ஆள் ஒரே ஒருத்தி. இரண்டு மாதமாகப் பத்தியச் சாப்பாட்டில் இருக்கும் பிரேமலதா. அவள் திறப்புக்கு வந்து குனிந்து வைரக்கண்ணுவின் முகத்தைப் பார்த்தாள்.

"மாஸ்டர். இன்னிக்குப் பொட்டலம் எழுநூறு கிராம். வழக்கமா ஐநூறு. ஆறு வருஷமா உங்க கணக்கை நான் பாக்கறேன்."

வைரக்கண்ணு தலை குனிந்தார். "ஆமா மேடம்."

"நான் குடிச்சா மேற்கே போகப்போறது நான்தானே?"

"ஆமா மேடம்."

"முந்திரி போட்டிருக்கீங்களா?"

"நெய்யில வறுத்து."

அவள் டம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். தேவகியின் கருவி டிங் என்றது.

இறங்கும்போது கிழக்குப் பெட்டியில் ஒருவர் பாக்கியில்லாமல் தூங்கிவிட்டார்கள். குறட்டை ஆறு ஸ்வரத்தில் எழுந்தது. ஜன்னலோரம் வைரக்கண்ணுவும் சுலாஸ்த்ரியும், பக்கத்தில் தேவகியும் மட்டும் விழித்திருந்தார்கள்.

வெளியே வானம் கறுப்பு. கீழே நீலம். இரண்டும் சேருகிற இடத்தில் வளைவாக ஒரு மெல்லிய வெளிச்சம்.

"அந்த ஓரத்துல என்னம்மா அது?"

"காத்து மாஸ்டர். நாம மூச்சு விடற காத்து அவ்வளவுதான்."

"பால்ல ஆடை படிஞ்ச மாதிரி இருக்கே. இவ்வளவு மெல்லிசா? ஊதினா சுருங்கிடும் போல." கண்களைத் துடைத்துக்கொண்டார், கண்ணாடியையும் துடைத்தார். மேகத்துக்கிடையே ஒரு பெரிய ஆறு பழுப்பு நிறத்தில் நெளிந்து கடலில் விழுந்தது. சுலாஸ்த்ரி கண்ணாடியில் விரலை வைத்து அதைத் தொட்டு, மடமடவென்று பேசினாள். அவள் பிறந்த ஊர் அங்கேதான் போலிருக்கிறது. வைரக்கண்ணு ஒரு வார்த்தை புரியாமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவள் கையால் உருண்டை பிடித்துக் காட்டிச் சிரித்தாள். அவரும் பிடித்துக் காட்டினார்.

"நல்லவேளைம்மா" என்றார் தேவகியிடம். "மேடம் அந்த டம்ளரைக் குடிக்கலைன்னா வண்டி கிளம்பியிருக்காது இல்ல?"

தேவகி பின்னால் தூங்குகிறவர்களை ஒருமுறை பார்த்துவிட்டு, அவர் காதருகே குனிந்தாள்.

"கிளம்பியிருக்கும் மாஸ்டர். இந்த வண்டி மூவாயிரம் கிலோ வித்தியாசத்தைத் தாங்கும்."

"என்னம்மா சொல்றே?"

"நாலு வருஷம் முன்னாடி கயித்தைப் பிடிக்கிற சக்கரத்தை மாத்தினாங்க. அதுக்கப்புறம் மேற்குப் பெட்டி காலியாவே போகலாம். எடைக்காரங்களே வேண்டாம். ஆனா அதைச் சொன்னா நாளைக்கே அத்தனை வீட்டிலயும் அடுப்பு அணைஞ்சிடும். அதான் நாங்க இன்னும் தராசு வெச்சு, ஒரு கிலோ ரெண்டு கிலோன்னு சத்தம் போடறோம்."

"கயிறு கம்பெனிக்குத் தெரியாதா?"

"போன வருஷம் இன்ஜினீயர் ஒருத்தர் சோதனைக்கு வந்தார். சுலாஸ்த்ரிம்மா அவருக்கு நாட்டுக்கோழி வறுத்துப் போட்டாங்க. அறிக்கையில எடை பத்தின பக்கத்தை எழுத மறந்துட்டார்."

வைரக்கண்ணு சுலாஸ்த்ரியைப் பார்த்தார். அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என்ன பேச்சு நடக்கிறது என்று தெரிந்துவிட்டது. சிரிப்பு நின்று, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோரு வருஷம் இருட்டில் உட்கார்ந்தவள். அதில் நாலு வருஷம், தெரிந்தே.

கீழே வந்து கதவுகள் திறந்தன. மேற்குப் பெட்டியிலிருந்து அட்சயலிங்கம் கன்னத்தில் பெஞ்சு அச்சோடு இறங்கினார். நன்றாகத் தூங்கி எழுந்ததும் அவருக்கு நியாயம் ஞாபகம் வந்துவிட்டது.

"மாஸ்டர், இங்க வாங்கோ. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு என் ஜன்னலைப் பறிச்சுட்டேள். எனக்கென்னமோ இந்த எடை சமாசாரமே டூப்புன்னு படறது. இவ்வளவு பெரிய இரும்பு வண்டி, ஒரு டம்ளர் பாயசத்துக்கா சாஞ்சுடும்? கம்பெனிக்கு ஒரு லெட்டர் போடலாம்னு இருக்கேன்."

அவருக்குப் பின்னால் எடைக்காரர்கள் ஒவ்வொருவராக இறங்கி, மஞ்சள் கோட்டின்மேல் நின்றார்கள். தேவகி தன் கருவியை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லெட்டரா?" என்றார் வைரக்கண்ணு. "நீங்க பாட்டுக்கு உள்ள தூங்கிட்டீங்க சார். இறங்கறப்ப நடுவழியில வண்டி இப்படி ஒரு பக்கமாச் சாஞ்சுது பாருங்க, டம்ளரெல்லாம் உருண்டு போய்ச் செவுத்துல முட்டிச்சு. இந்த ஜனங்க அசையாம மூச்சைப் பிடிச்சு உக்காந்திருந்ததாலதான் நாம தரைக்கு வந்தோம். நான் என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

அட்சயலிங்கம் அண்ணாந்து கயிற்றைப் பார்த்தார். திரும்பி, எடைக்காரர்களை நோக்கிக் கும்பிட்டார்.

முப்பத்திரண்டு நாடு சுற்றிய வைரக்கண்ணு, கண்ணால் பார்த்தேன் என்று முதல்முதலாக ஒருவரிடம் சொன்னது அதைத்தான். அதில் ஒரு எழுத்தும் நிஜமில்லை.